டைப் அடித்தபோது அழித்த வரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நான் யோசித்தது இல்லை. ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் ஒரு அம்மா, என் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே சொன்னது. "எழுதிக்கலாமா?" என்று கேட்டேன். "எழுதிக்கோங்க. பேரு மட்டும் வேணாம்" என்றார்.

ஆரம்பித்தேன்: 'வானம் கறுத்திருந்த ஒரு மாலையில், காற்று...'

சே! அன்று வானம் எப்படி இருந்தது என்று எனக்கென்ன தெரியும்?

2

அவருக்கு ஒரே மகள். பதினைந்து வயது. வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டில் சில்வண்டு என்று கூப்பிடுவார்கள். போன வருஷம் மாடித் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்துக்கொண்டது. அள்ளிப்போட ஏறிய அப்பா வழுக்கி விழுந்தார், பிழைக்கவில்லை. வாசல் மரத்து இலைதான். அதன் பிறகு சில்வண்டு, கேட்டால் ஒரு வார்த்தை சொல்வாள், அவ்வளவுதான்.

[என்ன மரம் என்று கேட்பீர்கள். அந்த அம்மா சொல்லவில்லை. நானாக ஒன்றை நட மாட்டேன்.]

பள்ளியில் பதின்வயதினருக்கு ஒரு கட்டுரைப் போட்டி வந்தது: 'இயற்கையும் நானும்'. அவளாகவே பெயர் கொடுத்தாள். எழுதி அம்மாவிடம் நீட்டினாள்.

"டைப் அடிச்சுத்தான் அனுப்பணுமாம், அம்மா."

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை வாய் திறந்துவிட்டாளே!

3

கடையில் கூட்டம். நடுநடுவே ஆட்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே அடிக்க ஆரம்பித்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண் மரத்தை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள். அப்பாவைத் தள்ளிவிட்டு, மறுவாரமே வெட்கமில்லாமல் துளிர்விட்டதாம். நடுவில் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி. அதையும் அடித்தார். பார்த்தார். அழித்தார்.

"நம்ம வீட்டு அழுகைய ஊருக்கு எதுக்குக் காட்டணும்னு தோணிச்சுங்க. போட்டி வைக்கிறவங்களுக்கும் மரத்தப் புகழ்ந்தாத்தானே புடிக்கும்?"

அவர் மாற்றி அடித்ததில் மரம் தாயானது. நிழல் மடியானது. சில்வண்டு கையால் எழுதிய தாள்கள், கெட்டுப்போன நகல்களோடு சேர்ந்து குப்பைக்குப் போயின.

[இவரைக் கொஞ்சம் பொல்லாதவராக்கினால் கதை சூடு பிடிக்குமே என்று பார்த்தேன். மனசு வரவில்லை. அவர் செய்த வேலையைத்தான் நானும் செய்கிறேன். எனக்குச் சால்வை போர்த்துகிறார்கள்.]

4

முதல் பரிசு. நடுவர் மேடையில் உருகி உருகி வாசித்தார். கைதட்டல் அடங்கவில்லை. சில்வண்டு வேறு யாருடைய கட்டுரையையோ கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டும் எழவில்லை. அம்மாதான் போய் வாங்கிவந்தார்.

"அப்பவே கத்தியிருந்தாக்கூடத் தேவலைங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்கல" என்று சொன்னவர், என் கதையை அடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு அழுதார்.

5

முடிவு ஒன்று: அந்தத் தாள் மேசைக்கு அடியிலிருந்து கிடைக்கிறது. (சினிமா. வேண்டாம்.)

முடிவு இரண்டு: மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, விம்மி... (முடிக்கக் கூச்சமாக இருக்கிறது.)

நடந்தது இதுதான். அப்பா போன பிறகு அவரைப் பற்றி மகள் சொன்னது அந்த ஒரு வரிதான். அம்மாவுக்கு அது மறந்துபோனது. எத்தனை யோசித்தும் வரவில்லை. தாங்க முடியாமல் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டுவிட்டார்.

"அப்பாவப் பத்தி ஒரு வரி எழுதியிருந்தியே, அது என்னடி? அம்மா தப்புப் பண்ணிட்டேன். ஒரே ஒரு தடவ சொல்லும்மா."

சில்வண்டு கோபப்படவில்லை. எழுந்து போய்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நீயே எழுதிக்கோம்மா. உனக்குத்தான் நல்லா வருதே."

6

அந்த வரி இருக்கவேண்டிய இடம் இது:

(                                        )

நாலைந்து வரி எழுதிப் பார்த்தேன். எல்லாமே கச்சிதமாக வந்து விழுந்தன. பயந்துபோய் அழித்துவிட்டேன். உங்களுக்கும் ஒன்று தோன்றும். தயவுசெய்து அதை இங்கே போட்டுவிடாதீர்கள். அவள் என்றாவது எழுதினால் எழுதட்டும். எழுதாமலே இருந்துவிடுவாளோ என்றுதான் அந்த அம்மாவுக்குப் பயம். எனக்கும்தான்.