வெளிறிய சாமை

செங்கம் வேளாண்மை அலுவலகத்தில் அசோஸ்பைரில்லம் உயிர் உரப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு மஞ்சுளா மலைக்குப் பஸ் ஏறியபோது நிற்கவே இடமில்லை. பையை டிரைவர் பக்கத்தில் இஞ்சின் மூடிமேல் வைத்தாள். ஜமுனாமரத்தூரில் இறங்கி எடுத்தபோது பையின் அடி சுட்டது.

அவளுக்குத் திக்கென்றது. "உள்ள இருக்கிறது உயிருள்ள நுண்ணுயிரிம்மா. காத்துல இருக்கிற தழைச்சத்தப் பிடிச்சுப் பயிருக்குக் குடுக்கும். சூடு பட்டா செத்துடும்" என்று அதிகாரி வெற்றிச்செல்வன் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து நிலத்துச் சுந்தரம்மாள் யூரியா வாங்கக் கிளம்பியவள். மஞ்சுளாதான் தடுத்து, பாதிப் பொட்டலங்களைத் தருவதாகச் சொல்லியிருந்தாள்; சொன்னபடியே கொடுத்தாள். ஆறிய கஞ்சியில் மருந்தைக் கரைத்து, சாமை விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி இருவரும் ஒரே நாளில் விதைத்தார்கள்.

இருபத்தைந்தாம் நாள் சுந்தரம்மாளின் பயிர் வெளிறிக் கிடந்தது. கணவனை இழந்து, அந்த ஒரு ஏக்கரை நம்பி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவள். மேட்டிலிருந்த தன் பயிர் பச்சையாக நிற்க, பையின் அடியில் சுட்ட பொட்டலங்கள்தான் அவளுக்குப் போய்விட்டன என்று நினைத்த மஞ்சுளாவுக்குச் சோறு இறங்கவில்லை. வெற்றிச்செல்வனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"பொட்டலத்தக் கையில புடிக்க முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். சுட்டுச்சு, ஆனா புடிச்சேன்."

"அப்ப எல்லாமே செத்திருக்காது. மருந்து போடாத விதை எங்கயாவது வெதச்சிருந்தா, ரெண்டு வேரையும் புடுங்கிப் பாருங்க. மருந்து வேல செஞ்சிருந்தா வேர் அடர்த்தியா இருக்கும்."

அவள் நேரே சுந்தரம்மாளின் நிலத்துக்குப் போனாள்.

"அக்கா, அந்த மருந்து பஸ்ல இஞ்சின் மேல சுட்டுப்போச்சு. அப்பவே தெரியும். பயந்துகினு சொல்லல."

சுந்தரம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"இத்தயா இத்தினி நாளா வயித்துல வச்சினு சுத்துன? அன்னிக்கே சொல்லியிருந்தா வேற வாங்கியாந்திருப்பம் இல்ல?"

"தப்புதான்க்கா. மருந்து போடாத விதை எதுனா வெதச்சியா?"

"பாறையோரம் கொஞ்சம். கஞ்சி தீந்துபோச்சு, சும்மா தூவிட்டேன்."

அங்கிருந்து ஒரு செடியைப் பிடுங்கினாள் மஞ்சுளா. வேர் நூல் நூலாக, மண் உதிர்ந்து வந்தது. அடுத்து மருந்து போட்ட பக்கத்துச் செடி. வேர் அடர்ந்து, தாடிபோல மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு, இன்னும் நான்கு. எல்லாம் அப்படியே.

"உயிரோடதான் கீதுக்கா!" என்றாள் மஞ்சுளா.

"அப்ப ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்குது?"

பிடுங்கிய குழிகளில் நீர் ஊறி நின்றது. பத்து நாள் சாரலில் வரப்பை ஒட்டி நீர் தேங்கியிருந்தது. வேருக்குக் காற்றே போகவில்லை. இருவரும் மண்வெட்டியால் வரப்பை இரண்டிடத்தில் வெட்டி விட்டார்கள். பழுப்பு நீர் சரிவில் இறங்கி ஓடையை நோக்கிப் போனது.

வரப்பை வெட்டிய எட்டாம் நாள் வெயில் அடித்தது. மஞ்சுளா மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது சுந்தரம்மாளின் குரல் கேட்டது.

"மஞ்சுளா! ஏய், ஓடியா!"

அவள் ஓடினாள். பயிர் பச்சை பிடித்திருந்தது. பாறையோரம் மட்டும் இன்னும் சோகையாக நின்றது. மஞ்சுளா அப்படியே ஈர வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"எந்திரிமே, பொடவையெல்லாம் சேறு" என்றாள் சுந்தரம்மாள். சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.