பள்ளத்து அறைக்கு வந்த கூத்து ஜெனரேட்டர்

1

இந்தக் கதை ஒரு பெருமூச்சில் பிறந்தது. விட்டவன் நான், விட வைத்தவர் மைக் செட் எத்திராஜ். முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சித்தூரில் 1978 ஐப்பசியில் மழை தன் ஆயிரம்...' வேண்டாம். மழை பெய்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு முன்னறை தெருவைவிட இரண்டடி பள்ளம். (மண் கொட்டிக் கொட்டித் தெருவை உயர்த்தினார்கள். வீட்டை யார் உயர்த்துவது?) ஏரி நிரம்பினால் தரையில் ஊற்றெடுக்கும். மூலையில் குழி வெட்டி, சேருகிற தண்ணீரை வெளியே தள்ள அரை எச்.பி. மோட்டார் வைத்திருந்தோம். கரண்டு இருக்கும்வரை கவலையில்லை.

அந்த அறையில்தான் என் நைனா ஞானசிங், தொடையெலும்பு முறிந்து, புத்தூர்க் கட்டோடு படுத்திருந்தார். நாற்பது நாள் அசையக் கூடாது. அசைந்தால் ஆயுசுக்கும் நொண்டி. கட்டிலோடு தூக்கலாமென்றால் வாசல் குறுகல். பதினோராம் நாள் காலையில் கரண்டு போனது. மதியத்துக்குள் கட்டில் காலில் பாதி முழுகிவிட்டது.

2

முந்தைய வரைவில் இங்கே அசரியா என்றொரு கல்நெஞ்சக்காரச் சபைச் செயலாளர் வந்தார். அடித்துவிட்டேன். செயலாளர் நான்தான்.

சுவிசேஷக் கூட்டத்துக்காகக் காணிக்கையில் வாங்கிய ஜெனரேட்டர் சபையிடம் இருந்தது. சித்திரையில் எத்திராஜ் அதைத் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு இரவல் கேட்டார். 'கர்த்தருடைய பொருள் கூத்துக்குப் போகாது' என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். அவர் ரேணிகுண்டாவில் பழசு ஒன்றை வாங்கிக்கொண்டார்.

கரண்டு போன அன்று மதியம் சபை ஜெனரேட்டரை இழுத்து வந்து, கயிற்றை இருபது தடவை சுண்டினேன். ஒரு இருமல்கூட இல்லை. (எட்டு மாதமாக உறை போட்டு, பூட்டி, வாராவாரம் தூசு துடைத்தோம். ஓட்டிப் பார்க்கவில்லை. பரிசுத்தமான பொருளைச் சும்மா ஓட்டுவானேன் என்று.)

3

[என் மனைவி ஜெயசீலி கொட்டும் மழையில் ஓடியதை உருக்கமாக...] ஓடினாள், கூப்பிட்டாள். எத்திராஜ் தள்ளுவண்டியில் தன் ஜெனரேட்டரோடு வந்தார்.

"எத்திராஜு, அந்த லெட்டரு..."

"அது கெடக்கட்டும் சார். வயரு எங்க கீது?"

ஒரே இழுப்பு. மோட்டார் ஓடியது. நைனா படுத்தபடியே கேட்டார்:

"இந்த வருசம் இன்னா கூத்துப்பா கட்னீங்க?"

"அர்ச்சுனன் தபசு."

"என்னியக் கூப்டவேயில்லியே."

"கூப்டலாம்னுதான் வந்தேன் பெரியவரே. உங்க புள்ள லெட்டர் எய்தி குட்த்துட்டாரு."

நைனா காலை அசைக்காமல் சிரித்தார். சாயங்காலத்துக்குள் தரை தெரிந்தது. அந்தப் பெருமூச்சை நான் விட்டது அப்போதுதான். போகும் முன் எத்திராஜ் எங்கள் ஜெனரேட்டரையும் பிரித்துத் துடைத்து ஓட வைத்துவிட்டுப் போனார்.

4

எழுதிப் பார்த்த முடிவுகள். ஒன்று: சபைக் கமிட்டி மனம் மாறுகிறது. (பொய். கமிட்டி இன்னும் கூடவேயில்லை.) இரண்டு: எத்திராஜ் பழி வாங்குகிறார். (அவருக்கு ஏது நேரம்?)

நடந்தது இது. அடுத்த சித்திரையில் எத்திராஜ் எங்கள் வாசலில் நிற்கிறார். நாளை கூத்து; அவருடைய ஜெனரேட்டர் படுத்துவிட்டது.

"மறுபடி கேக்கறேன் சார். லெட்டரு வோணாம். வாயாலயே சொல்டுங்க."

சபைச் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. எனக்குப் பின்னால் நைனா நடந்து வருகிறார். இரண்டு காலும் ஒரே அளவாய்த் தரையில் விழும் சத்தம் கேட்கிறது.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அந்தச் சத்தத்தை ஒரு நிமிடம் கேளுங்கள். பிறகு என் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.