என்ஜினில் ஒன்றுமில்லை

ஷெரோமி கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்குத் தன் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தாள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. இரண்டு வாரமாக, புறப்படும்போதெல்லாம் அது 'கடக் கடக்' என்று குதித்தது. புருஷன் நோபேட் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்ஜின் போச்சு. வித்துப்போட்டு வீட்டில இரு. ஞாயிற்றுக்கிழமை வாங்க ஆள் வருது," என்றான்.

கல்யாணமான வருஷமே அவள் கோயில் பாடகர் குழுவை விட்டுவிட்டாள். பிறகு அக்கா வீட்டுக்குப் போவதும் நின்றது. மிஞ்சியது வேலை மட்டும்தான்.

சனிக்கிழமை அவன் பேலியகொடை மீன் சந்தைக்குப் போனதும், வண்டியை தாஸிம் நானாவின் கராஜுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

தாஸிம் என்ஜினைத் தொடவேயில்லை. பின் பற்சக்கரத்தில் கிடந்த செயினை இரண்டு விரலால் இழுத்தார். அது பல்லைவிட்டுப் பாதிக்கு எழும்பி வந்தது. பின் சில்லைச் சுற்றிவிட்டார். செயின் ஓரிடத்தில் இறுகியது, இன்னோரிடத்தில் தொங்கியது.

"பல்லைப் பாருங்க தங்கச்சி, கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. செயின் வழுக்குது, அதான் குதிக்குது. என்ஜின்ல ஒன்னுமில்ல."

"செயினை மட்டும் மாத்தினாப் போதாதா நானா?"

"பழைய பல்லு புதுச் செயினையும் தின்னுடும். ரெண்டு பற்சக்கரம், செயின், மூனையும் ஒன்னா மாத்தணும்."

முன் பற்சக்கரத்தின் நட்டை அவர் கழற்றும்போது பின் சில்லு சுற்றாமல் அவள் பிரேக்கை மிதித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் ஒருகொடவத்தை வரை ஓட்டிப் பார்த்தாள். ஒரு குலுக்கல்கூட இல்லை. இனி விற்க அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு வந்த ஆள் வண்டியில் ஒழுங்கையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நல்ல ஓட்டம்," என்றான்.

"செயின்தான் தேஞ்சிருந்தது, மாத்திட்டன். இனி விக்கத் தேவையில்லை," என்றாள் ஷெரோமி.

நோபேட் சிரித்தான். "நல்லதாப் போச்சு. வண்டிப் புத்தகத்தைக் கொண்டுவந்து கையெழுத்து வை."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. என்ஜின் நல்லதோ கெட்டதோ, அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வண்டியின் பதிவுப் புத்தகம் அவள் பெயரில் இருந்தது.

"ஏலாது."

வந்தவன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நோபேட் வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அப்ப எப்பிடி வேலைக்குப் போறாய் எண்டு பாப்பம்."

மறுநாள் அவள் ஒரு மணித்தியாலம் முந்தியே எழும்பி, நடந்துபோய் பஸ் ஏறினாள். நிற்கத்தான் இடம் கிடைத்தது. பொரளை வரைக்கும் கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே வந்தது. நோபேட்தான்; அவள் எடுக்கவில்லை.