கேரவனின் வாசற்படி எந்தப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. அதை மறைப்பதற்கில்லை. எங்களுக்குக் கேரவன் செய்து கொடுத்த கம்பெனி அடுத்த மாடலைக் கொண்டுவரப் போகிறதாம். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். பெயர், ஊர், வண்டி வாங்கிய வருடம். கடைசியில் ஒரே கேள்வி: "புதிய மாடலில் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?" அதன் கீழே மூன்று கோடுகள். நல்ல பதில்களை எழுதியவரின் பெயரோடும் படத்தோடும் புத்தகமாகப் போடுவார்களாம்.

மூன்று கோடுகள் எனக்குப் போதவில்லை. பதினேழு பக்கம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் படிப்பது நான்காவது முறை எழுதியது.

என் பெயர் நசீருதீன். லப்பைக்குடிக்காட்டில் மூன்று தலைமுறையாக ஜவுளி வணிகம் செய்யும் குடும்பம். வயது எழுபத்திரண்டு. எங்கள் குடும்பத்தைப் பற்றி இதுவரை யாரும் ஒரு சொல் தாழ்த்திச் சொன்னதில்லை. இந்தக் கதைக்குப் பிறகு சொல்லக்கூடும். கிழித்ததற்கு அதுதான் காரணம். எழுத வராததால் அல்ல.

(கேரவன் என்றதும் சினிமாக்காரர்களின் பஸ்ஸை நினைக்க வேண்டாம். என்னுடையது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை. கடைசியாகச் சொன்னதற்காகத்தான் வாங்கினேன்.)

2

முதல் தொடக்கம்: "ஆயிஷா பீவி கேரவனின் படியில் கால் வைத்தபோது"

நிறுத்திவிட்டேன். அவள் அன்று படியில் கால் வைக்கவே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "கேரவன் வைத்திருப்பவர்களின் எதிர்பார்ப்புகள் பலவகைப்படும்."

இது கட்டுரை வாக்கியம். ஆனால் பொய் இல்லை. ஆகவே இதிலிருந்தே போகிறேன்.

இந்தப் பக்கத்தில் கேரவன் வைத்திருப்பவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. படிவம் வந்த அன்று முழுவதும் குரல் பதிவுகளாக வந்துகொண்டிருந்தன. வேப்பந்தட்டையில் மக்காச்சோள வியாபாரம் செய்யும் அரவிந்தன்தான் ஆரம்பித்தார்.

"அண்ணே, மொதல்ல வெயிட்டக் குறைக்கச் சொல்லுங்க. பச்சமலை ஏத்தத்துல என் ஜீப்பு அழுவுது. வூட்டுக்காரி எறங்கி நடந்தா, எனக்கு முன்னாடி மேல போயி நின்னுக்கிட்டு டாட்டா காட்டுறா."

குரும்பலூர் சிந்தாமணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, தங்கையோடு ஊர் ஊராகப் போகிறவர், தூசியைப் பற்றிச் சொன்னார். "செந்துறை ரோட்டுல சிமெண்ட் லாரிக்குப் பின்னால ஒரு மணி நேரம் போனேங்க. கதவத் தொறந்தா மெத்தையில கோலம் போடலாம். ரப்பர் நல்லதா போடச் சொல்லுங்க."

கூரையில் சோலார், இரட்டைத் தொட்டி, முழங்காலுக்கு ஏற்ற உயரத்தில் படுக்கை. ஆளுக்கொன்று கேட்டார்கள்.

நான் கேட்டது இது: வாசற்படி இடது பக்கம் இருக்கக் கூடாது. சாலையோரம் வண்டியை நிறுத்தினால், இடது பக்கம் என்பது டீக்கடையின் பக்கம். படி முன்பக்கம் இருக்க வேண்டும். காரின் பின்கதவிலிருந்து கேரவனின் வாசல்வரை இருபுறமும் கித்தான் மறைப்பு வேண்டும். காரிலிருந்து ஒரு பெண் இறங்கி உள்ளே போவது யாருக்கும் தெரியக் கூடாது.

பிறகு சிந்தாமணி: "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. தெரிஞ்சா என்னங்க? நான் டீக்கடைக்காரர்கிட்டயே சொல்லிட்டுத்தான் போவேன். 'தம்பி, ரெண்டு டீ போடு, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்'னு. அவரும் சக்கரை எவ்வளவுன்னுதான் கேப்பாரு."

அரவிந்தன் சிரிப்புப் பொம்மை போட்டார். நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அன்றுதான் முதல் பதினேழு பக்கத்தை எழுதினேன்.

3

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லாமல் கதை நகராது.

எங்கள் வீட்டுப் பெண்கள் வழியில் இறங்க மாட்டார்கள். பயணம் என்றால் முந்தைய நாள் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். போய்ச் சேரும்வரை குடிக்க மாட்டார்கள். குடித்தால் இறங்க வேண்டிவரும். என் தாயார் நாகூர்வரை போய் ஒரே நாளில் திரும்பி வந்தார், வழியில் ஓரிடத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் என் தந்தை இதை எடுத்துச் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆயிஷா என்னை மணந்து இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் இதற்குப் 'பயண நோன்பு' என்று பெயர் வைத்தாள். "சஹரும் இல்ல, இஃப்தாரும் இல்ல, உங்க வீட்டு நோன்பு" என்று, விடியலுக்கு முன் உண்பதும் அந்தியில் துறப்பதும் இல்லாததைச் சொல்லிச் சிரிப்பாள். நாற்பது வருடம் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவ்வப்போது இடுப்பு வலி, எரிச்சல், காய்ச்சல். இவற்றுக்கும் வழக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் (இங்கே 'அறியவில்லை' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். 'நினைக்க விரும்பவில்லை' என்பதே சரி.)

பெரம்பலூரில் ஒரு மருத்துவர் அவளிடம், "தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா?" என்று கேட்ட பிறகுதான் நான் கேரவன் வாங்கினேன். வழக்கத்தை மாற்றுவதைவிட வண்டி வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. வழியில் இறங்காமலே அவள் போய்வரலாம், குடும்பத்தின் பெயரும் நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

வண்டியை ஒப்படைத்த அன்றுதான் கம்பெனி ஆள் சொன்னார்: "ஓடுறப்ப உள்ள யாரும் உக்காரக் கூடாதுங்க சார். ஆளுங்க கார்லதான் வரணும்."

அப்படியானால் வண்டியை நிறுத்த வேண்டும். காரிலிருந்து இறங்க வேண்டும். சாலையில் நடந்து போய்ப் படியேற வேண்டும். எதிலிருந்து தப்பிக்க வாங்கினேனோ, அதுவே வாசலில் நின்றது. நான் கம்பெனிக்காரரிடம் தலையாட்டினேன். ஆயிஷாவிடம் சொல்லவில்லை.

4

முதல் பயணம் நாகூருக்கு. மகன் ஹஸ்ஸான் துபாயிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருந்தான். அவன் ஓட்டினான். நான் முன்னால். பின்னால் ஆயிஷாவும் மருமகள் ஃபர்ஹாவும். கேரவன் இருக்கிறதென்ற நம்பிக்கையில் ஆயிஷா அன்று காலை இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். "நோன்ப விட்டுட்டேன்" என்றாள் என்னைப் பார்த்து.

ஜெயங்கொண்டம் தாண்டி, முந்திரி வறுத்து விற்கும் ஒரு கொட்டகை அருகே நிறுத்தினோம். நிறுத்தியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. இப்படி ஒரு வண்டியை அந்தச் சாலை பார்த்ததில்லை.

"என்ன பாய், வூட்டையே இழுத்துட்டுப் போறீங்க?"

"உள்ள ஏசி இருக்குங்களா?"

நான் கதவைத் திறந்து காட்டினேன். அடுப்பு, படுக்கை, விளக்கு. ஒருவர் தலையை உள்ளே நீட்டி, "கக்கூஸும் உள்ளயேவா? சோறாக்குற எடத்துக்குப் பக்கத்துலயா? ராஜா வூடுதான் போங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை நான் மறைத்திருக்கலாம். சிரித்தேன்.

அப்போது ஃபர்ஹா இறங்கி என் அருகே வந்தாள். "மாமா, மாமிக்குப் போகணுமாம். கொஞ்சம் அவசரமாம்."

நான் சொன்ன பதில்:

முதல் முறை எழுதியது: "நான் ஒன்றும் சொல்லவில்லை."

இரண்டாம் முறை: "கும்பகோணத்துல மச்சான் வீடு இருக்கு, அங்க போயிக்கலாம் என்றேன்."

உண்மையில் சொன்னது: "இப்ப இறங்கினா எதுக்கு இறங்குறான்னு நிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கும்பகோணம் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

முந்திரி விற்ற அம்மாள், இருசம்மாள் என்று யாரோ கூப்பிட்டார்கள், காரின் கண்ணாடி வழியாக ஆயிஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டார். "அம்மாவ அனுப்புங்க பாய். கொட்டாய்க்குப் பின்னாலதான் என் வூடு. பொம்பளைங்கதான் இருக்கோம்."

"எங்க வீட்டுப் பொம்பளைங்க வழியில இறங்குறதில்லம்மா" என்றேன். அதைப் பெருமையாகச் சொன்னேன்.

இருசம்மாள் ஒரு முந்திரிப் பொட்டலத்தைக் கட்டி ஜன்னல் வழியாக ஆயிஷாவிடம் கொடுத்தார். பணம் வாங்கவில்லை.

கேரவனை இழுத்துக்கொண்டு வேகமாகப் போக முடியாது. அணைக்கரையில் நெரிசல். கும்பகோணம் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஆயிஷா பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மச்சான் வீட்டில் ஃபர்ஹா அதைப் பிரித்தபோது ஒரு முந்திரிகூட முழுதாக இல்லை. மாவாகியிருந்தது.

5

(இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். விரித்தால் என் மீது இரக்கம் வரும். அது வேண்டாம்.)

மறுநாளே குளிர்காய்ச்சல். நாகூர் போகவில்லை. திருச்சியில் சேர்த்தோம். இரண்டு சிறுநீரகமும் முன்பே பாதி போயிருந்தன. டாக்டர் வளர்மதி நல்லவர். நான் ஜெயங்கொண்டத்தைச் சொன்னபோது, "ஒரு நாள்ல வந்தது இல்லைங்கய்யா. நாப்பது வருஷமா வந்தது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஒரு நாளின் குற்றத்தை எடுத்துக்கொண்டு நாற்பது வருடத்தைக் கையில் கொடுத்தார்.

ஏழு மாதம் டயாலிசிஸ். அந்த நோயாளிகளுக்குத் தண்ணீர் அளவாகத்தான் தருவார்கள். ஆயிஷாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர். உதட்டை நனைத்துக்கொண்டு ஒருநாள் சொன்னாள்: "இப்ப வீட்டுலயே பயண நோன்பு வச்சுட்டாங்க பாத்தீங்களா."

அன்று அவள் சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு மவுத்தானாள்; அடக்கம் செய்தோம்.

6

நேற்று ஹஸ்ஸான் துபாயிலிருந்து பேசினான். படிவத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அத்தா, அம்மா ஒண்ணுக்குப் போக முடியாம இருந்ததையா எழுதுறீங்க? பேரு போட்டு, படம் போட்டு? ஊர்ல நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவான்? நம்ம வீட்டுக் கௌரவம் என்னாகும்?"

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். வார்த்தைகளும் என்னுடையவைதான். நான் வளர்த்த பிள்ளை, வளர்த்தபடியே இருந்தான். கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

தாள்களை மடித்து வைத்தேன். ஃபர்ஹா தேநீர் கொண்டுவந்தவள் போகாமல் நின்றாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடத்தில் என் முன்னால் அவள் உட்கார்ந்ததில்லை. நேற்றும் நின்றபடியேதான் சொன்னாள்.

"எழுதுங்க மாமா."

"அவன் வேணாங்கிறான்மா."

"அன்னைக்கு எனக்கும் போகணும்போலதான் மாமா இருந்துச்சு. மாமியச் சொல்லிக் கேட்டா விடுவீங்கன்னு நெனச்சேன்."

(இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதினேன். நான் என்ன உணர்ந்தேன் என்று. அது நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.)

7

கதைக்கு முடிவு வேண்டும். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: புதிய மாடல் வந்துவிட்டது. வாசற்படி முன்பக்கம். கித்தான் மறைப்பு. ஆயிஷா யாருக்கும் தெரியாமல் உள்ளே போய் வருகிறாள். கூட்டம் ஏசியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்த முடிவைத்தான் கம்பெனிக்கு அனுப்ப இருந்தேன். இதில் எல்லோரும் பிழைக்கிறார்கள், என் பெருமை உட்பட. ஆகவே இது ஆகாது.

இரண்டு: நான் கூட்டத்தைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, எங்க வீட்டம்மா உள்ள போகணும்" என்கிறேன். தள்ளி நிற்கிறார்கள். அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தேன். ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அதில் புதிய மாடலுக்கு வேலையே இல்லை. பழைய வண்டியே போதும், அதன் படி எந்தப் பக்கம் இருந்தாலும்.

இதுவும் நடக்கவில்லை. நடந்ததாக எழுத எனக்குத் தகுதி இல்லை.

படிவத்தின் மூன்று கோடுகளில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: "வண்டியில் குறை இல்லை. குறை வண்டிக்காரரிடம். என் மனைவி பெயர் ஆயிஷா பீவி." பெயரும் படமும் போடட்டும்.

வரும் ஞாயிறு ஆயிஷாவின் வருட ஃபாத்திஹா ஓத நாகூர் போகிறோம். அதே கேரவன், அதே சாலை. வாடகைக்கு ஓட்டுநர் வைத்திருக்கிறேன். ஃபர்ஹா ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறாள். அதை அவள் குடிப்பாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முந்திரிக் கொட்டகையில் நிறுத்தச் சொல்வேன். கூட்டம் கூடும். கேள்வி கேட்பார்கள். அந்த ஒரு வாக்கியம் அப்போது என் வாயிலிருந்து வருமா? எழுபத்திரண்டு வருடம் வராதது. தெரியாததை எழுதக் கூடாது.

ஆகவே கதையை அந்தக் கொட்டகை முன்னாலேயே நிறுத்துகிறேன். கேரவனின் கதவு திறந்திருக்கிறது. படியை இறக்கிவிட்டேன். காரின் பின்கதவைப் பிடித்தபடி ஃபர்ஹா என் முகத்தைப் பார்க்கிறாள். இவ்வளவு நேரம் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள்தான்.

கொஞ்சம் தள்ளி