கெட்டி ரத்தம்

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன் ரத்தத்தின் மேல் அப்படி ஒரு கர்வம். முப்பது வருஷமாகக் கண்ணாடி அறுக்கிற கை. கீறல் விழாத வாரமே கிடையாது. "எங்க பரம்பரையே கெட்டி ரத்தம். துணியைத் தேடுறதுக்குள்ள காயம் மூடிக்கும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் விரலை நீட்டிக் காட்டுவார். கேட்டுக் கேட்டு மகளுக்கு அது மனப்பாடம்.

அந்த மகளுக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டும் ஐந்தாம் மாதம் தாண்டவில்லை. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "தேவையில்லாம உறையுற ரத்தம்மா இது. கருவுக்குப் போய்ச் சேராம வழியிலேயே கட்டிக்குது. பரம்பரையா வர்றது. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"எனக்கென்ன கேடு?" என்று குதித்தார் மனுஷர். மகள் அவருடைய வீங்கிய இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நின்று வேலை செய்கிற கால் அப்படித்தான் இருக்கும் என்று அவர் சமாளித்துவந்த கால். ஸ்கேன் எடுத்தால், உள்ளே ரத்தம் கட்டியாக உறைந்து கிடந்தது. அன்று கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதார். பெருமையடித்த ரத்தம்தான் பேரப்பிள்ளைகளைத் தின்றது என்று வயிறெரிந்தார்.

அவருக்கு தினம் ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க. மூன்றாவது கரு தங்கியதும் மகளுக்கு தினம் காலையில் வயிற்றில் ஊசி. அவளே போட்டுக்கொண்டாள். தோலெல்லாம் நீலம் பாரித்துக் கன்றிப்போனது.

ஒரு நாள் காலையில் அதைப் பார்க்கச் சகிக்காமல் அவர், "எல்லாம் என்னால வந்ததும்மா" என்றார்.

"அப்பா, வெளிச்சத்தை மறைக்காதீங்க. தள்ளி நில்லுங்க" என்று தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியை இறக்கினாள். கை இம்மியும் அசையவில்லை. கண்ணாடி அறுக்கும்போது தன் கை இருப்பது அப்படித்தான் என்று அவருக்கு உறைத்தது. அதுவும் அவர் கொடுத்ததுதானே! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அடுத்த வருஷம் ஒரு நாள், ஜன்னலுக்கு அளவு சொல்ல வந்தவர் பதறினார். "அண்ணே, விரல்ல ரத்தம் நிக்கவே இல்லையே!"

"மாத்திரை போடுறேன், சட்டுன்னு நிக்காது தம்பி. பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும்." துணியைச் சுற்றி இறுக்கியபடி சிரித்தார். "என் மக இருநூத்து நாப்பது ஊசியைத் தன் கையாலயே போட்டுக்கிட்டவ. ஒரு நாள் தவறல. எங்க ரத்தம் இப்ப நிக்காது, ஓடும்."

கடையின் பின்னறையில் குழந்தை வீறிட்டது.

"கேட்டீங்களா? என் பேரப்புள்ள வரைக்கும் ஓடியிருக்கு."