சுகிர்தாவுக்கு வந்த கோல்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால் சுகிர்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். நோர்வேயிலிருந்து சிவானந்தன் தொலைபேசியில் கோல் எடுக்கிற நேரம் அது. மாப்பிள்ளை அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை. கோலும் அவளுக்கு வருகிற கோல்தான். கதைப்பது மட்டும் அண்ணி.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பிறகு அவர்கள் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஹபீலா ராத்தா என்ற முஸ்லிம் பெண்ணின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். அம்மா அன்னபாக்கியம், அண்ணி சிவமணி, சுகிர்தா என்று மூன்று பெண்கள். அண்ணன் பாரிசில் விசாவுக்குத் தவம் கிடந்தான். தொலைபேசி கீழே, ராத்தாவின் ஹோலில் இருந்தது. மணி அடித்தால் அவர் படியடியில் வந்து நின்று கூப்பிடுவார்.

"மாப்புளட கோல் வந்தீக்கி, ஓடி வாங்க புள்ள."

மூவரும் இறங்குவார்கள். சிவமணி ரிசீவரை எடுத்துத் தொண்டையைச் செருமுவாள். குரலைக் கொஞ்சம் இளக்கிக்கொண்டு, "ஓம், நான் சுகிர்தாதான். சுகமா இருக்கிறீங்களோ?" என்பாள். நிஜமான சுகிர்தா பக்கத்துக் கதிரையில் அரிசிச் சாக்குப்போல உட்கார்ந்திருப்பாள். தன் பேரில் இன்னொருத்தி வெட்கப்படுவதையும் சிணுங்குவதையும் பார்த்துக்கொண்டு இருப்பதைப்போல ஒரு தண்டனை வேறு இல்லை.

செவிடு என்றால் செவிடு என்று சொல்லிவிட்டுப் போகலாம். சுகிர்தா செவிடில்லை. அதுதான் அவள் செய்த பாவம். பாணந்துறை ரயில் வருகிற அதிர்வு வீட்டில் எல்லாருக்கும் முதல் அவளுக்குத்தான் கேட்கும். ஆட்கள் கதைப்பதும் கேட்கும். ஆனால் கேட்ட சத்தம் சொல்லாக மாறுவதற்கு அவளுக்கு நேரம் வேண்டும். முகத்தைப் பார்த்து, ஓராள் நிதானமாகக் கதைத்தால் ஒரு குறையும் இல்லை. நாலு பேர் சேர்ந்து கதைத்தால், பஸ் இரைந்தால், எல்லாம் ஒன்றாய்க் குழம்பிவிடும். தொலைபேசியிலோ பார்ப்பதற்கு முகமே இல்லை. வெளிநாட்டு லைனில் சொன்னது ஒரு தரம் கேட்கும், அதன் எதிரொலி இன்னொரு தரம் கேட்கும். அவள் முதல் வசனத்தைப் பிரித்தெடுப்பதற்குள் மூன்றாவது வந்து தலையில் விழும். அரிசியில் கல் பொறுக்க நேரம் கொடாமல் உலையில் போடு, போடு என்று ஒருவர் பக்கத்தில் நின்றால் யாரால்தான் சமைக்க முடியும்?

இதை யாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது? காது வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் அவள் தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போது விரலை உயர்த்தச் சொன்னார். கீ என்ற சின்னச் சத்தத்துக்கெல்லாம் அவள் ஒன்று தவறாமல் விரலை உயர்த்தினாள். "இந்தப் பிள்ளைக்கு என்னைவிட நல்லாக் காது கேட்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவளைப் பார்த்து, உனக்கு என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெசினைக் கேட்டார், மெசின் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் அது வருத்தமோ நோயோ இல்லை, தடிப்பு; வேண்டுமென்று காட்டுகிற திமிர். கூப்பிட்டால் திரும்பாதது தடிப்பு. கேட்டதற்கு மறுமொழி சொல்லச் சுணங்குவது தடிப்பு. தொலைபேசிக்குப் பயப்படுவது பெரிய தடிப்பு.

ஊரில் இருந்தவரைக்கும் அந்தப் பட்டத்தோடு காலம் தள்ளலாம். கொழும்பில் அது ஆபத்தாகிவிட்டது. போன வைகாசி மாதம் அவள் கொட்டாஞ்சேனை அச்சகத்தில் ஒப்பு நோக்குகிற வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, காலி வீதிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரன் ஒருவன் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டு ஏதோ கேட்டான். பின்னால் நின்றவனும் சேர்ந்து கேட்டான். பஸ் இரைந்துகொண்டு நின்றது. சுகிர்தா இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள். உடனே மறுமொழி சொல்லாத தமிழ்ப் பெட்டை பொய்யை யோசிக்கிறாள் என்பது அவர்கள் கணக்கு. பொலிஸ் நிலையத்துக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். ராத்தாவின் கணவர் ராசிக் நானா போய்ச் சிங்களத்தில் மன்றாடிக் கையெழுத்து வைத்து அவளைக் கூட்டி வருவதற்குள் அன்னபாக்கியத்துக்கு உயிர் போய் வந்தது.

அடுத்த நாளே அன்னபாக்கியம் கலியாணத் தரகர் சவுந்தரநாயகத்தைப் பிடித்தாள். அவர் நோர்வே மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். சித்திரையில் கொழும்புக்கு வந்து தாலி கட்டிக் கூட்டிப் போவாராம். அதற்கு முதல் பிள்ளையோடு கிழமைக்கு ஒருக்கால் கதைக்க வேண்டுமாம். அந்தக் காலத்துக் கலியாணங்களுக்கு அதுதான் பெண் பார்க்கும் சடங்கு.

முதல் கோலைச் சுகிர்தாதான் எடுத்தாள். அவளிடம் இருந்த உபாயம் ஒன்றுதான். எதிரில் குரல் தணிந்தால் ஓம் என்பது, சிரிப்புப்போல ஏதும் வந்தால் தானும் சிரிப்பது. அப்படிச் சிரித்த ஒரு இடத்தில் மறுபக்கம் திடீரென்று சத்தமே இல்லாமல் போனது. எதற்குச் சிரித்தோம் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. வியர்வையில் தோய்ந்து நின்றவளின் கையிலிருந்து அம்மா ரிசீவரைப் பறித்து, லைன் சரியில்லை, தம்பி என்று சமாளித்தாள்.

அடுத்த கிழமையிலிருந்து அந்த வேலை அண்ணியிடம் போயிற்று. "நான் உங்கட மகனோட குடும்பம் நடத்தினதே ரெலிபோனிலதானே மாமி, எனக்கு என்ன கஸ்டம்" என்றாள் சிவமணி. கெட்டவள் இல்லை. குரலில் தேன் வடியும். அதுதான் கரைச்சலே.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கோல் முடிந்து மேலே வந்ததும், சிவமணி திருவலையில் குந்தித் தேங்காய் துருவிக்கொண்டே அன்றைய கதையைச் சொன்னாள். சுகிர்தா எதிரே இருந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு ஒரு கேள்வி கேட்டவர் பாரும், எனக்கு நெஞ்சு திக்கெண்டு போச்சு. ஆரோ அவருக்குச் சொல்லியிருக்கினம், பொம்பிளைக்குக் காதில ஏதோ பிரச்சினையாம் எண்டு. உண்மையெண்டா ஒளிக்காமச் சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன் எண்டு நல்ல பதமாத்தான் கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அண்ணி?"

"எனக்கு ஒண்டுமில்லை, எரிச்சல் பிடிச்ச சனம் கதை கட்டுது எண்டு சொன்னனான். கொஞ்சம் அழுதும் காட்டினனான். பாவம் மனுசன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டார்."

சுகிர்தாவுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. இருபத்தாறு வருசத்தில் பெற்றவள் கேட்கவில்லை, வைத்தியர் கேட்கவில்லை. பூமியின் மறுபக்கத்திலிருந்து முகம் தெரியாத ஒருவன் கேட்டிருக்கிறான், அதுவும் கோவிக்க மாட்டேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறான். அதற்கும் இன்னொருத்தி மறுமொழி சொல்லிவிட்டாள். மூக்கைச் சிந்தி அழுதும் விட்டாள்.

"என்ர பேரில அழுகிறதுக்கு உங்களுக்கு ஆர் அனுமதி தந்தது?"

சிவமணியின் கை நின்றது. அன்னபாக்கியம் குசினிக்குள் வந்தாள். "என்ன சத்தம்? அவள் உன்ர நன்மைக்குத்தானே செய்யிறாள். தாலி ஏறினாப் பிறகு முகம் பாத்துக் கதைச்சா உனக்கு எல்லாம் விளங்கும்."

"அவர் வேலையிலயிருந்து வீட்டுக்குக் கோல் எடுத்தா? ஆஸ்பத்திரியிலயிருந்து எடுத்தா? நோர்வேக்கும் அண்ணியைப் பெட்டியில வச்சுக் கொண்டுபோறதோ அம்மா? முதல் மாசமே பிடிபடுவன். அப்ப அவர் என்ன சொல்லுவார்? அழுது ஏமாத்தினவள் எண்டு என்னைச் சொல்லுவார். அண்ணியைச் சொல்ல மாட்டார்."

"வாயை மூடு. திரும்பவும் உன்னை அவங்கள் பிடிச்சுக்கொண்டு போனா நான் ஆரிட்டப் போய் அழுவன்? உன்ர தடிப்பால இந்தச் சம்பந்தம் குழம்பிச்சுதெண்டா என்ர பிணத்தைத்தான் பாப்பாய்."

அம்மாவின் பயம் பொய்யில்லை என்று சுகிர்தாவுக்குத் தெரியும். சோதனைச் சாவடி வருமுன்பே அவளும்தான் அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொள்வாள். போக வேண்டும் என்றுதான் அவளும் விரும்பினாள். ஆனால் தடிப்பு என்ற அந்தச் சொல் திரும்பவும் விழுந்ததும் இரக்கம் எல்லாம் வற்றிவிட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் அச்சகத்தில் ஊரார் கலியாண அழைப்பிதழ்களில் பிழை திருத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஒரு விசயம் அப்போதுதான் பிடிபட்டது. தொலைபேசியில் அவளுக்குக் கேட்பதுதான் வில்லங்கம். சொல்வதற்கு ஒரு தடையும் இல்லை. இத்தனை நாளும் எல்லாருமாகச் சேர்ந்து அவளுடைய வாயையும் அல்லவா பொத்தி வைத்திருக்கிறார்கள்.

ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கீழே போய், தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் அசையாமல் இருந்தாள். ராத்தா ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மணி அடித்தபோது அம்மாவும் அண்ணியும் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுகிர்தா ரிசீவரை எடுத்தாள்.

"நான் சுகிர்தா. இவ்வளவு நாளும் உங்களோட கதைச்சது நானில்லை, என்ர அண்ணி. நீங்கள் இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ, சொன்னாலும் எனக்கு விளங்காது. நான் முதல்ல சொல்லி முடிக்கிறன்."

"ஐயோ, அறுந்து போவாள்" என்று அன்னபாக்கியம் படியிலேயே குந்திவிட்டாள்.

"போன கிழமை நீங்கள் கேட்டது உண்மைதான். எனக்குக் காது கேட்கும். ஆனா சனம் கதைக்கிறது விளங்க நேரம் எடுக்கும். ரெலிபோனில இன்னும் மோசம். வைத்தியர் ஒண்டுமில்லை எண்டவர், ஆனா எனக்கு இருக்கு. முகம் பாத்து மெதுவாக் கதைச்சா விளங்கும். இது மாறாது. நீங்கள் என்ர வாயிலயிருந்து கேட்டனீங்கள் எண்டு நினைச்ச மறுமொழி பொய். நான் அழவும் இல்லை. நான் அழுகிற ஆளில்லை. எல்லாம் தெரிஞ்சு கட்டுறதெண்டா வாங்கோ. இல்லையெண்டா விடுங்கோ."

வைத்துவிட்டாள். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"என்னடி சொன்னவர்?" என்றாள் அன்னபாக்கியம்.

"தெரியாது."

திரும்பவும் மணி அடித்தது. நோர்வேக்காரன்தான், வேறு யார் அந்த நேரத்தில் எடுக்கப் போகிறார்கள்.

"பிள்ளை சிவமணி, நீ எடு. அவளுக்குத் தலை சுகமில்லை எண்டு ஏதாவது சொல்லு" என்று அன்னபாக்கியம் கெஞ்சினாள். சிவமணி கையை நீட்டினாள். சுகிர்தா அந்தக் கையைப் பிடித்து அப்பால் விலக்கினாள்.

"அண்ணி, தள்ளி நில்லுங்கோ."

ரிசீவரைக் காதில் வைத்தாள். இரைச்சலும் எதிரொலியுமாக ஒரு மூட்டைச் சத்தம் வந்து கொட்டியது. குரல் உயர்ந்திருந்தது. கோபமோ, பதற்றமோ, மன்னிப்போ, ஒன்றும் பிடிபடவில்லை. குரல் நின்றது.

"விளங்கேல்லை" என்றாள் சுகிர்தா. "திரும்பச் சொல்லுங்கோ."

திரும்பவும் வந்தது. அதில் அவளுடைய பேர் இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

"இன்னும் விளங்கேல்லை. மெதுவாச் சொல்லுங்கோ."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுகிர்தா அந்தப் பக்கம் திரும்பவில்லை. மற்றக் காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் மூன்றாம் தரம் தொடங்கினான். விளங்கும் வரைக்கும் சொல்லட்டும். ஏசுவதென்றாலும் அவளையே ஏசட்டும்.