மருதடி வட்டை திரும்பி வந்த விதம்

ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கமக்காரர் சங்கமொன்றின் புதிய சர்வர் 'டிஸ்க் எதையும் காணவில்லை' என்று திரையில் எழுதிய அதே நேரம், வாவிக்கு அக்கரையில் முந்நூற்றுப் பத்து ஏக்கர் வயல்வெளியான மருதடி வட்டை காணாமல் போனது. வயல்கள் இருந்த இடத்தில் வாவி நேராகத் தார் வீதியில் வந்து முட்டியது. மண்வெட்டியோடு போனவர்கள் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சங்கத்துக்குத் திரும்பினார்கள்.

பிழை வட்டவிதானை சாமித்தம்பியுடையது. வட்டையின் தண்ணீருக்கும் வரம்புக்கும் பொறுப்பானவர் அவர். இனி வட்டையைச் சர்வரே வைத்துக் காக்கும் என்று சங்கம் முடிவெடுத்திருந்தது. நல்ல நேரம் தப்பிவிடக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமையே தேங்காய் உடைத்து, வெற்றிலை வைத்து, இயங்குதளம்கூடப் போடாத வெறும் பெட்டியிடம் வட்டையை முறைப்படி ஒப்படைத்துவிட்டார். பெட்டியோ தன் வயிற்றிலிருந்த நான்கு டிஸ்கையே காணாமல் விழித்தது.

சர்வர் பூட்டக் காத்தான்குடியிலிருந்து வந்த றிஸ்லா இதற்கெல்லாம் பதறுகிற ஆளில்லை. டிஸ்குகளைக் கழற்றி மாட்டினாள், கேபிளை மாற்றினாள். பெட்டி விழிக்கும்போது வரும் பயோஸ் திரையில் நான்கும் தெரிந்தன, இயங்குதளம் போடும் திரையில் மட்டும் ஒன்றுமில்லை. வாசலில், மருதடி வட்டையில் வயல் செய்யும் மங்கையற்கரசி நின்றாள். அவளுடைய விதைநெல் சாக்கில் முளைவிட்டிருந்தது. மறுநாள் பொழுதுபடுவதற்குள் விதைக்காவிட்டால் வேர் பின்னி வீணாகிவிடும். வேறு விதை அவளிடம் இல்லை.

"வயல் வருமா புள்ள?"

"வரும் அக்கா. டிஸ்க் உள்ளுக்க உசிரோடதான் இரிக்கி. நான் கூப்பிடுற விதம்தான் பிழை."

செவ்வாய் மத்தியானம்வரை சாமித்தம்பி தலையில் கைவைத்தபடி இருந்தார். "நான் சொல்லாம வட்டைக்குள்ள ஒருத்தனும் மடை திறக்கமாட்டான், மகள். அப்பிடி வச்சிருந்தனான்" என்று புலம்பினார்.

றிஸ்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "இஞ்சயும் ஒரு விதானையார் இரிக்கார், ஐயா. அவருக்கிட்ட சொல்லாம டிஸ்க்கைக் கூப்பிட்டுட்டன்."

டிஸ்குகளை மேய்க்கும் ரெய்ட் கார்டைத்தான் சொன்னாள். அந்தக் கார்டோடு பேசும் டிரைவர் என்ற மென்பொருள், இயங்குதளம் போடும் பென் ட்ரைவில் இல்லை. தேடி இறக்கி ஏற்றினாள். முதலில் ஏற்றியது பழைய பதிப்பு: ஆறு வருடத்துக்கு முந்திய வட்டை வந்தது, இடையில் தறித்துவிட்ட மருதமரங்கள் எல்லாம் நின்றன. அதை எடுத்துவிட்டுச் சரியானதை ஏற்றினாள். திரையில் டிஸ்குகள் ஒவ்வொன்றாகத் தெரிய, அக்கரையில் வட்டை கால்பங்கு கால்பங்காக வந்து சேர்ந்தது. மங்கையற்கரசி அழுதாள், அழுதபடியே சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பொழுதுபடும்போது கடைசிப் பிடி விதையும் சேற்றில் விழுந்திருந்தது.

இப்போது மாதத்தில் ஒரு புதன்கிழமை, மென்பொருளைப் புதுப்பிக்கச் சர்வரை நிறுத்தித் தொடக்குகிறார்கள். வட்டை எட்டு நிமிடம் இருக்காது. முதல்நாளே அறிவித்தல் வரும். மாடுகளை வெளியே ஓட்டிச் சாய்த்துவிட்டு எல்லோரும் வீதியில் நின்று பிளேன்டீ குடிப்பார்கள். ஒருமுறை மங்கையற்கரசி மண்வெட்டியை வரம்பில் மறந்துவிட்டாள். வயல் திரும்பி வந்தபோது அது சேறு போகக் கழுவப்பட்டுக் கிடந்தது. அதிலிருந்து அந்தப் புதன்கிழமைகளில் யாரும் மண்வெட்டியை வெளியே எடுத்து வருவதில்லை.